நெற்றித் தகடு

டல்லாஸ் பக்கத்துக் காப்பெல்லில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் யாராவது ஒரு இளைஞர் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், நீங்க எந்த கம்பெனில ரிட்டயர் ஆனீங்க?" என்று கேட்பார். "பாடி கட்டுற வேலை தம்பி" என்பேன். அவர் பார்வை என் தொந்தி வரை போய்விட்டு மரியாதையாகத் திரும்பி வரும். அதற்குப் பிறகு பஸ் பாடி, கரூர், இர்விங்கில் பழைய டிரெய்லர்களுக்குத் தகடு அடித்தது என்று எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும்.

போன மாதம் அப்படி வந்த ஒரு தம்பி, "இப்பல்லாம் ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணி, மெஷினே அந்த வளைவை எடுத்துடுது அங்கிள். நீங்க கையாலயா அடிச்சீங்க?" என்றார். கையால்தான். மெஷின் அடிப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோள்பட்டையாவது மிஞ்சும். அடுத்து அவர் கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். "சரியா வந்துருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?" நான் அடித்த ஒரு தகடு சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள், அதனால் அன்று சொல்ல முடியவில்லை.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பதினெட்டு வயதில் சுத்தியல் பிடித்தவன் நான். அங்கே தகடு கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் யாரும் தூக்கத்தைத் தொலைக்க மாட்டார்கள். மேலே பட்டியைப் பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். "ஆண்டவன் மனுசனுக்குத் தோலக் குடுத்தான், நமக்குப் பட்டியக் குடுத்தான்" என்பார் எங்கள் மேஸ்திரி. அந்த வேதத்தை நம்பி இருபது வருஷம் ஓட்டினேன்.

என் மனைவி செல்வி நர்ஸ். டல்லாஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்து, 1991-ல் அவளுடைய கிரீன் கார்டில் தொற்றிக்கொண்டு நானும் வந்தேன். இரண்டு வருஷம் கேஸ் ஸ்டேஷன் கவுன்டரில் நின்றேன். ஒரு நாள் இர்விங்கில் வழி தவறிப் பட்டறைகள் இருக்கும் தெருவுக்குள் காரை விட்டபோது, தகட்டின் மேல் கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல், விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கரூருக்கும் டெக்சஸுக்கும் ஒன்றுதான். காரை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மறுநாளிலிருந்து அங்கேதான் வேலை.

அது பழைய கேம்பர் டிரெய்லர்களைப் புதுப்பிக்கும் பட்டறை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. வெளியே முழுக்க அலுமினியம், மூலைகள் எல்லாம் உருண்டை. அந்த உருண்டையை ஒரே தகட்டில் கொண்டுவர முடியாது. சாத்துக்குடிச் சுளைகளை அடுக்குவது போல வளைந்த தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரிவிட் அடித்திருப்பார்கள். பெயின்ட் கிடையாது, பட்டியும் கிடையாது. முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் மட்டும்தான். ஒரு சுத்தியல் தடம் தப்பினாலும் அதில் தெரியும் மரம், மேகம், பார்ப்பவர் மூக்கு எல்லாம் கோணிக்கொள்ளும். என் மேஸ்திரி அங்கே வந்திருந்தால் மறு பஸ் பிடித்திருப்பார்.

முதலாளி பெயர் கார்லா. என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் முதலாளி முதலாளிதானே. பழனிச்சாமி என்ற என் பெயரை அவர் "சாமி" என்று சுருக்கிவிட்டார். நாள் முழுக்கச் சாமி என்று கூப்பிடுவாரே ஒழிய ஒரு நாளும் கும்பிட்டதில்லை. டெக்சஸில் ஒரு கப் காபி ஊற்றிக் கொடுத்தாலே "கிரேட் ஜாப்" என்பார்கள். கார்லா வாயில் "நன்றாக இருக்கிறது" என்ற சொல்லே வராது.

அவர் வேலையைப் பார்க்கும் முறை இது. வலது கையில் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றை மாட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்து, நோயாளியின் முதுகைத் தடவுகிற மாதிரி ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டுவார். பளபளப்பு கண்ணை ஏமாற்றும், உள்ளங்கையை ஏமாற்றாது. வெறும் கை வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அந்தக் கையுறை. இடது மணிக்கட்டில் நீல நிற டேப் சுருள் ஒன்றை வளையல் போல் போட்டிருப்பார். எங்கே கை தடுக்குகிறதோ அங்கே அதில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டுவார். டேப் ஒட்டிய இடத்தை நான் சரிசெய்ய வேண்டும். குறையே இல்லை என்றால் கையுறையைக் கழற்றிப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டு காபி ஊற்றிக்கொள்ளப் போய்விடுவார். அவர் காபிக்குப் போவதுதான் எனக்குக் கிடைக்கும் பரிசு.

ரிவிட் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் பேசிக்கொள்வோம், அதுவும் வாயால் இல்லை. நான் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் ரிவிட்டின் தலையில் அடிப்பேன். அவர் டிரெய்லருக்கு உள்ளே உட்கார்ந்து இரும்புக் கட்டையை ரிவிட்டின் வாலுக்கு எதிரே தாங்கிப் பிடித்திருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் தகடு, முகம் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் உள்ளே இருந்து தகட்டில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரியாக உட்கார்ந்துவிட்டது, அடுத்ததற்குப் போ. மூன்று தட்டினால் கெட்டுப்போச்சு, பிடுங்கி எடு. பெரிய தகடுகளுக்கெல்லாம் வாய் திறக்காத மனுஷி, கடுகு அளவு ரிவிட்டுக்கு டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். சில நாள் அந்த இரண்டு தட்டுக்காகவே வேலைக்குப் போவது போல இருக்கும்.

1997-ல் வெயில் தணிகிற சமயத்தில் ரூத் என்ற அம்மா தன் டிரெய்லரைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கணவர் இறந்துவிட்டார். வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப் போவதால் அக்டோபர் முடிவதற்குள் காலி பண்ண வேண்டும். கணவர் வாங்கிப் போட்ட இந்த டிரெய்லரை ஏரிக்கரை ஓரம் நிறுத்தி அதிலேயே குடியிருப்பது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் புயலில் பீக்கன் மரத்துக் கிளை ஒன்று அதன் முன் உச்சியில் விழுந்து தகடு கிழிந்து உள்ளே தொங்கியது. மழை நேரே கட்டிலில் பெய்யும் நிலைமை. சனிக்கிழமை தவறாமல் வந்து எட்டிப்பார்த்து, "என் வீடு எப்படி இருக்கு?" என்று கேட்பார். டிரெய்லர் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பஸ் பாடி கட்டியவனும் பஸ் ஓட்டியவரும் என்பதால் எங்களுக்குள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

அந்த முன் உச்சித் தகட்டை நான் நெற்றி என்று சொல்வேன். இரண்டு பக்கமும் வளைந்து, மேலிருந்து கீழாகவும் வளைந்து இறங்குகிற சுளை. அடிபடாத மறுபக்கச் சுளையின் மேல் காகிதத்தை ஒட்டி அளவு எடுத்தேன். காகிதம் எங்கே சுருங்கி மடிகிறதோ அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும், எங்கே கிழிகிறதோ அங்கே நீட்ட வேண்டும். அதை இடம் வலமாகத் திருப்பித் தகட்டில் வரைந்து வெட்டினேன். அலுமினியத்தை அப்படியே அடித்தால் வெடிப்பு விழும், சூடு காட்டி இளக்க வேண்டும். ஆனால் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை செய்யாது, கொஞ்சம் அதிகமானால் சத்தமில்லாமல் உருகி ஓட்டை விழும். அதற்குத் துணி துவைக்கும் சோப்பைத் தகட்டில் தேய்த்துவிட்டு கேஸ் டார்ச்சைக் காட்டுவோம். சோப்பு பழுப்பேறினால் போதும், நெருப்பை எடுத்துவிட வேண்டும்.

பிறகு மணல் நிரப்பிய தோல் பையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பேன். இந்தக் கட்டத்தில் தகடு பலாப்பழத் தோல் மாதிரி அசிங்கமாக இருக்கும். அடுத்தது இங்கிலீஷ் வீல். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் தகட்டை விட்டு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தால் மேடெல்லாம் மெல்ல அடங்கி ஒரே வளைவாக வரும். கரூர்க்காரன் தப்பு பண்ணுவது இந்த இடத்தில்தான். பட்டி பூசிக்கொள்ளலாம் என்ற பழைய தைரியத்தில் கை ஒரு பிடி கூடுதலாக அழுத்தும். என் முதல் தகடு அப்படித்தான் நடுவில் தளர்ந்து, எண்ணெய் டின் அடிப்பாகம் போல அமுக்கினால் டப், விட்டால் டப் என்றது. கார்லா டேப்கூட ஒட்டவில்லை, குப்பைப் பக்கம் கையைக் காட்டினார். இரண்டாவது தகடு மேலெல்லாம் நீல டேப்பாக நின்றது. மூன்றாவதை அடிக்கும்போது ரூத்துக்கு வீடு காலி பண்ண ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கார்லா அதைத் தடவிப் பார்த்தார். கையுறை பாக்கெட்டுக்குப் போயிற்று, அவர் காபிக்குப் போனார். அன்றே ரிவிட் அடித்துப் பாலிஷும் போட்டு முடித்தோம். சாயங்கால வெயிலில் அந்த நெற்றியில் தெருவில் போகிற கார்கள் எல்லாம் நெளியாமல் போயின. நான் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

அமெரிக்காவில் பண்டிகைகள் எல்லாம் சனிக்கிழமைதான் வரும். அந்த வருஷத்து ஆயுத பூஜையையும் நாங்கள் தள்ளிக்கொண்டு வந்து மறுநாள் சனிக்கிழமை வைத்திருந்தோம். கார்லாவிடம் முன்பே சாவி வாங்கியிருந்தேன். செல்வி பொரி, சுண்டல், சந்தனம், குங்குமத்தோடு வந்தாள். கொட்டாப்புளி, வீல், டார்ச் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டினோம். திரும்பிப் பார்த்தால் அவள் கிண்ணத்தோடு டிரெய்லர் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"அது கஸ்டமர் வண்டி" என்றேன்.

"ஏனுங்க, அடுத்த வாரம் ஒரு பொம்பள தனியா குடி போற வீடு. பொட்டு வெக்காம அனுப்புவாங்களாக்கும்?"

நியாயம்தானே என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நெற்றியின் நட்ட நடுவில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, அதன் மேல் குங்குமத்தையும் தண்ணீரில் குழைத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து ரூத் வந்து சேர்ந்தார். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே பொட்டைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார்.

"ஃபார் ப்ரொடக்‌ஷன்" என்றாள் செல்வி. "வருஷத்துக்கு ஒருக்கா வெக்கணும். ஒரு கெடுதலும் கிட்ட வராது."

ரூத் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்கு இது வரைக்கும் யாரும் எதுவும் பண்ணினதில்லை" என்றார். இன்னொரு கைப்பிடி சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்.

ஊரில் நாங்கள் பொட்டு வைத்த வண்டிகள் எல்லாம் பெயின்ட் அடித்த வண்டிகள். லாரிக்கு வைத்தோம், பஸ்ஸுக்கு வைத்தோம், சைக்கிளுக்கும் வைத்தோம், ஒன்றும் ஆனதில்லை. வெறும் அலுமினியத்துக்கு வைத்து யாருக்கும் பழக்கமில்லை. குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பு இருக்கிறது. அது ஈரத்தோடு ஞாயிறு முழுவதும் அங்கேயே உட்கார்ந்து தகட்டைத் தின்றிருக்கிறது. திங்கட்கிழமை துணியால் துடைத்தேன். சிவப்பு போயிற்று, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் செத்த கண் போலப் பார்த்தது. நகத்தால் தொட்டால் சொரசொரப்பு.

கார்லா வந்ததும் நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து டேப்பைக் கிழித்து அந்த வட்டத்தின் மேல் ஒட்டி, "எடு" என்றார். அவ்வளவுதான்.

புதுத் தகடு அடிக்க நேரமில்லை. ரூத் சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி பண்ணியாக வேண்டும். இருப்பதைத் தேய்த்து எடுக்கலாம் என்றால், அது வளைவின் உச்சி. அடித்து நீட்டியதில் தகடு அந்த இடத்தில்தான் மிகவும் மெலிந்திருந்தது. ஆழமாகத் தேய்த்தால் ஓட்டை, மேலோட்டமாகத் தேய்த்தால் கறை. நைசான உப்புத்தாளில் தொடங்கி, அதைவிட நைசுக்கு மாறி, பாலிஷ் பஞ்சு வரை அன்று முழுக்க அந்த ஒரே இடத்தில் குனிந்து கிடந்தேன். கறை போயிற்று. கண்ணாடி போலப் பளபளத்தது, யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளங்கையை ஓட்டினால் அங்கே மிக லேசாக ஒரு குழி இருந்தது. விரல் நுனி அளவுதான்.

கார்லா கையுறையை மாட்டிக் கண்ணை மூடினார். கை வந்தது, அந்த இடத்தில் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. நான் அவர் மணிக்கட்டில் இருந்த டேப் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்பைக் கிழிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். காபிக்கும் போகவில்லை. "வெள்ளிக்கிழமை ரூத் சாவிக்கு வருவாங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை ரூத் வந்தார். வீட்டைச் சுற்றி நடந்தார், கதவைத் திறந்து மூடினார், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் முன்பக்கம் வந்து நெற்றியைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அந்தச் சிவப்புப் பொட்டு எங்கே?"

நானும் கார்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதைத் துடைத்தெடுக்கத்தான் ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிந்தது என்று எந்த வாயால் சொல்வது? கார்லா திணறி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "க்ளீன் பண்ணிட்டோம்" என்றார் மெதுவாக. ரூத் சாவியை வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி ஏரிக்கரையில் தன் வீட்டில் தூங்கியிருப்பார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வீட்டில் வேறு கச்சேரி. "நீ வெச்ச பொட்டுல நெத்தியே போச்சு" என்றேன் செல்வியிடம்.

"புளிக்கொழம்ப அலுமினியச் சட்டீல வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். குங்குமத்தையும் வெக்கக் கூடாதுன்னு தகடு அடிக்கிற நீங்கதான சொல்லோணும்?" என்று திருப்பினாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறும் மோரும்தான்.

அதன் பிறகு எத்தனையோ டிரெய்லர் பார்த்தோம். கார்லா எத்தனையோ தடவை காபிக்குப் போனார். அந்தத் தகடு மட்டும் என் மனதில் முள்ளாகக் கிடந்தது. அவர் அதைச் சரி என்று விட்டாரா, ஒரு அம்மாவுக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதற்காகக் குறையோடு விட்டாரா? பாவப்பட்டுத் தேர்ச்சி போட்ட பையன் மாதிரி இருந்தது எனக்கு. கேட்கிற அளவுக்கு இங்கிலீஷ் வந்திருந்தது, ஆனால் வீம்பு விடவில்லை. கேட்டு, "வேற வழி இல்லை சாமி" என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தக் கொட்டாப்புளியைத் தொட எனக்கு மனசு வருமா என்ற பயமும்தான்.

2001 வசந்தத்தில் சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று ரூத் தன் வீட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது, ஆள் தெம்பாகத்தான் இருந்தார். நான் முதலில் பார்த்தது நெற்றியைத்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நட்ட நடுவில், செல்வி வைத்த அதே இடத்தில், பளிச்சென்று ஒரு சிவப்புப் பொட்டு.

"நெயில் பாலிஷ்" என்றார் ரூத், கையை விரித்துத் தன் நகத்தையும் காட்டி. "வருஷத்துக்கு ஒரு தடவை வெக்கணும்னு உங்க மனைவி சொன்னாங்களே. அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை புதுசா வெச்சிடுவேன். நாலு வருஷமா ஒரு ஆலங்கட்டிகூட என் வீட்டு மேல விழலை."

கார்லாவும் வெளியே வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எப்படி அதே இடத்துல கரெக்டா வெக்கறீங்க?" என்றேன். "நாங்கதான் அடையாளமே இல்லாம துடைச்சிட்டோமே."

"அதுக்கு அடையாளம் எதுக்கு? கையை வெச்சுப் பாருங்க" என்றார் ரூத். "அங்கே விரல் தானா போய் உக்காருது. அதுக்குன்னே நீங்க செஞ்சு வெச்ச இடம்னு நெனச்சேன்."

கார்லா பின் பாக்கெட்டிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி, நெற்றியின் ஒரு ஓரத்திலிருந்து உள்ளங்கையை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். பொட்டின் மேல் வந்ததும் கை நின்றது. நான் பழக்கதோஷத்தில் அவருடைய இடது மணிக்கட்டைப் பார்த்தேன்.

அவர் டேப்பைத் தொடவில்லை. வலது கையை மடக்கி, விரல் முட்டியால் அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் தட்டினார். டக், டக். கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு காபி ஊற்றிக்கொள்ளப் போனார்.